முள்ளுக்கு முந்தி இருந்தவுக

வா மருமகனே, உட்காரு. ஜேசிபிக்காரன்கிட்ட மணிக்கு இன்ன ரேட்டுன்னு பேசி முடிச்சு, அட்வான்சும் குடுத்துட்டு, பெறகு மாமாகிட்ட யோசனை கேக்க வந்திருக்க. முடிஞ்ச காரியத்துக்கு யோசனை கேக்குறவனுக்குத்தான் மனசாரச் சொல்லலாம். எப்படியும் கேக்க மாட்டாங்கிற நிம்மதி இருக்கு பாரு.

செண்பகத்தோப்புப் பாதையில மூணு ஏக்கர் வாங்கிட்ட. சந்தோசம். ரெண்டரை ஏக்கர் சீமை உடை, அதான் சீமைக்கருவேலம். மிச்சம் அரை ஏக்கர்ல புரோக்கர் நின்னு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கான். இப்ப அந்த முள்ளை ஒரே நாள்ல வழிச்சுத் தள்ளிட்டு மகாகனி வைக்கப் போறேங்கிற. கையில வழுவழுன்னு ஒரு நோட்டீஸ். மரத்துக்கு இத்தனை ஆயிரம், ஏக்கருக்கு இத்தனை லட்சம். அம்புட்டு லட்சம் தெரிஞ்சவன் தன் நிலத்துல வச்சுட்டுக் கால் நீட்டிப் படுக்காம, எதுக்கு வெயில்ல நோட்டீஸ் குடுத்துத் திரியிறான்னு நீ கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. படிச்ச பிள்ளை.

முள்ளை எடுக்க வேணாம்னு நான் சொல்லல. நல்லா எடு. ஆனா எடுக்குறதுக்கு முந்தி அதை வையுறத நிப்பாட்டு. வைய நமக்கு யோக்கியதை இருக்கான்னு கொஞ்சம் பேசிக்கிடுவோம்.

நம்ம ஊர் டீக்கடையில ஒரு பேச்சு உண்டு. காமராசர்தான் ஏரோப்ளேன்ல ஏறி இந்த வெதையைத் தூவுனாருன்னு ஒவ்வொருத்தனும் கிளாஸைக் கீழ வைக்காமச் சத்தியம் பண்ணுவான். காமராசர் நம்ம விருதுநகர்ல பொறந்ததே 1903-ல. இந்த முள்ளு 1877-லயே கடப்பை ஜில்லா கமலாபுரத்துல வந்து எறங்கியாச்சு. தொட்டில் கட்டுறதுக்கு 26 வருசத்துக்கு முந்தியே பிள்ளை ஏரோப்ளேன் ஓட்டிருச்சு பாத்துக்கோ. பின்னால சர்க்காரே வேலிக்கும் வெறகுக்கும்னு அங்கங்க பரப்புனது நெசந்தான். அதுக்கு ஏரோப்ளேன் தேவைப்படல. ஆடு போதும்.

கடப்பைக்கு அதை வரவழைச்சவரு யாருன்னா, பெடோம்னு ஒரு துரை. மெட்ராஸ் காட்டிலாகாவுல பெரிய அதிகாரி. சாமானியப்பட்ட ஆளில்ல. தென்னிந்தியக் காட்டு மரங்களை எலை, பூ, காயின்னு படம் போட்டு, கட்டை எதுக்கு ஆகும்ங்கிறது வரைக்கும் எழுதிப் பெரிய புஸ்தகமே போட்ட மனுசன். வேங்கையும் ஆச்சாவும் அவருக்கு அம்புட்டுப் பழக்கம். அந்த மனுசன்தான் 1876-ல ரெவினியூ இலாகாவுக்குக் காயிதம் எழுதி, இந்த முள்ளு வெதை வேணும்னு கேட்டாரு. ஜமைக்காத் தீவுல இருந்து வந்துச்சும்பாக. நம்ம மரத்தைப் பத்தித் தெரியாதவன் செஞ்ச காரியம்னு நெனைச்சிராத. நல்லாத் தெரிஞ்சவன் செஞ்சது. அன்னைக்கு ரயில் இன்ஜினும் வெறகு தின்னுச்சு, ஊர் அடுப்பும் வெறகு தின்னுச்சு. பொட்டல்ல வெரசா வளர்ற ஒண்ணு வேணும்னு தேடுனாரு. வெரசா வளந்துச்சு. கேட்டதைக் குடுத்ததுக்கு மரத்தை வையுறது என்ன ஞாயம்?

இப்ப ஆட்டுக்கு வருவோம். உங்கப்பன் எம்புட்டு ஆடு வச்சிருந்தான்னு உனக்குத் தெரியும். கோடையில ஒரு பச்சை இல்லாத காலத்துல இந்த மரம் மட்டும் காய் தள்ளும். நீளமா, மஞ்சளா, கடிச்சா இனிக்கிற காய். ஆடும் மாடும் ஓடி ஓடிப் பொறுக்கும். காய் செமிச்சிரும்; உள்ள இருக்க கொட்டை நெறைய செமிக்காது. வயித்து அமிலத்துல மேல்தோல் எளகி, புழுக்கையோட வெளிய வந்து, உரத்தையும் பக்கத்துலயே வச்சுக்கிட்டு மழைக்குக் காத்துக் கெடக்கும். நாம என்ன செய்வோம்? அதே ஆட்டைக் காசு குடுத்துக் கூட்டியாந்து நம்ம வயல்ல கிடை போடுவோம். கூலி குடுத்து முள்ளு வெதைச்சவுக நாம. துரை பாவம், ஒரு காயிதம் எழுதுனதோட சரி.

ஆடுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஆப்பிரிக்காவுல கென்யா நாட்டுல பாரிங்கோ ஏரிக்கரை ஆட்டுக்காரக, இதே முள்ளு தங்களோட மேய்ச்சலை அழிச்சிருச்சுன்னு அவுக சர்க்கார் மேலயே கேஸ் போட்டாக. சாட்சிக்கு யாரைக் கூட்டிப் போனாகங்கிற? பல்லுப் போன ஒரு ஆட்டை. இந்தக் காயில இருக்க இனிப்பு தின்னு தின்னு பல்லெல்லாம் சொத்தையாகி விழுந்துபோன ஆடு. நைரோபி கோர்ட்டு வாசல்ல போய் நின்னுச்சு. பொய் சொல்லாத சாட்சி, குறுக்கு விசாரணை பண்ண வக்கீலும் இல்ல. எனக்கும் பல்லு போயிருச்சு, ஆனா அது பால்கோவாவால. கேஸ் போட முடியாது.

முள்ளுக்கு ஒரு பக்கம் இருக்கு, அதையும் சொல்லிருவோம். உங்க அம்மாச்சி காலத்துல வெறகுக்கு மலையடிவாரம் வரைக்கும் நடந்து, தலைச்சுமையா கொண்டாந்து சேக்கணும். வழியில காட்டிலாகா ஆள் பிடிச்சா அருவாளையும் பிடுங்கிக்கிடுவான். இந்த உடை ஊர்ப் பொறம்போக்கு பூரா வந்த பெறகுதான் ஏழைபாழை அடுப்பு தட்டில்லாம எரிஞ்சது. திருச்சுழி, நரிக்குடி, அங்கிட்டு ராமநாதபுரம் வரைக்கும் போய்ப் பாரு. மழை பொய்ச்ச வருசம் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பம் கஞ்சி குடிச்சது. முள்ளு குத்துனாலும் கட்டுத்துணிக்குப் பஞ்சமில்ல, பக்கத்துலயே சத்திரப்பட்டியில அதுக்குத்தானே தறி ஓடுது.

சரி, அது நம்ம மரத்தையெல்லாம் வெரட்டிருச்சுன்னு சொல்ற. கண்மாய்க்குள்ளயும் ஓடையிலயும் வெரட்டத்தான் செஞ்சது. அது நிக்கிற எடத்துல வேற கன்னு எந்திரிக்க விடாது. ஆனா ஊருக்குள்ள நின்ன மரம் போனதுக்கு முள்ளு காரணமில்ல. அந்த மரங்களுக்கு வேலை போச்சு மருமகனே. வேலை போன பெறகு யாரு சோறு போடுவா?

அந்தா, தொழுவத்துச் செவத்துல சாத்திக் கெடக்கு பாரு வண்டிச் சக்கரம். எந்திரிச்சுப் போய்த் தொட்டுப் பாரு. நடுவுல குடம், அதுல இருந்து போற ஆரக்கால், சுத்தி வட்டை, அம்புட்டும் நாட்டுக்கருவேல். வெட்டுன ஒடனே ஆசாரி உளியை வைக்க மாட்டாரு. கண்மாய்த் தண்ணியில அமுக்கிப் போட்டு, பெறகு நெழல்ல காய வச்சு, அதுக்கப்புறம்தான் செதுக்குவாரு. சக்கரம் சேந்ததும் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, நாலு பேர் கொறட்டால தூக்கியாந்து மாட்டித் தண்ணியை ஊத்துவாக. பட்டை சுருங்கிப் பிடிக்கிற பிடியில கட்டை மொத்தமும் முறுமுறுன்னு நெரியும். பச்சைக் கட்டையா இருந்தா அங்கயே விண்டுரும். வைரம் பாஞ்சதா இருந்தா வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிடும். அந்தச் சக்கரம் இன்னும் ஆடல. அதுக்குப் பெறகு வாங்குன டிராக்டர் டயரு எத்தனைன்னு உங்கப்பன்கிட்டயே கேளு.

நுகத்தடிக்கு மஞ்சணத்தி. காளை கழுத்துக்கு கனம் தெரியக் கூடாது, ஆனா ஒடியவும் கூடாது. ஒலக்கைக்குக் கருங்காலி. வெளக்கு எரிக்க இலுப்பைக் கொட்டை. நிலைவாசலுக்கு வேங்கை. வரப்புல வாகை நின்னா ஆட்டுக்குக் கொழையும் ஆச்சு, ஏருக்குக் கட்டையும் ஆச்சு. பெறகு டிராக்டர் வந்துச்சு, கருவேலுக்குச் சீட்டுக் கிழிஞ்சது. ரைஸ்மில் வந்துச்சு, ஒலக்கை மச்சு மேல ஏறிருச்சு. கரண்டு வந்துச்சு, இலுப்பை எதுக்குன்னு கேட்டான். ஆண்டாள் தேருக்கே மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் மாட்டியாச்சு. தாயாரே மாறிக்கிட்டாக, நாம மாறுனா என்ன குத்தம்னு ஊரே மாறிருச்சு. மரம் எதுக்குன்னு மறந்த ஊர்ல, மரம் போனதே ஒருத்தனுக்கும் தெரியல. வெட்டுனான், வித்தான், வச்சவன் மட்டும் எவனும் இல்ல.

உன் கழுத்துல கெடக்கே அது என்னது? கருங்காலி மாலையா? சினிமாக்காரர் போட்டாருன்னு நீயும் போட்டுக்கிட்ட. ஆன்லைன்ல வாங்குனதா? நல்லது. சனி பகவான் டெலிவரி அட்ரஸ் பாத்து வெலகிப் போயிருவாரு. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன், உள்ளதைச் சொல்லு. உன் வீட்டு வாசல்ல கருங்காலி மரம் நின்னா அடையாளம் தெரியுமா உனக்கு? அதோட கறுப்பெல்லாம் உள்ள இருக்க வைரத்துலதான். வெளிக்கட்டை வெளுத்துத்தான் இருக்கும். அந்த வைரம் பாய ஒரு தலைமுறை காலம் வேணும். நம்ம பக்கத்துல கோடிப்பேர் கழுத்துல தொங்குற அம்புட்டு மணிக்கும் வைரம் எந்தக் காட்டுல எப்ப பாஞ்சதுங்கிறது வித்தவனுக்குத்தான் வெளிச்சம். போட்டுக்கோ, போட்டுக்கோ. மரம் இல்லாத ஊர்ல மணியாச்சும் இருக்கட்டும்.

கோர்ட்டும் சொல்லிப் பாத்துச்சு. கலிங்கப்பட்டி வைகோ போட்ட கேசுல, 2017 தொடக்கத்துல மதுரைக் கிளை, சீமைக்கருவேலத்தை வெட்டியே ஆகணும்னு உத்தரவு போட்டுச்சு. கலெக்டர்ல இருந்து கல்லூரிப் பிள்ளைக வரைக்கும் அருவாளோட கெளம்புனாக. எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாக. அதே வருசம் சென்னையில, மொதல்ல வெவரம் தெரிஞ்சவுக ஆராஞ்சு சொல்லட்டும்னு நிறுத்தி வச்சாக. 2022-ல சர்க்காரு அயல் தாவரங்களுக்குன்னே தனிக் கொள்கை போட்டுச்சு. முள்ளு இதையெல்லாம் படிச்சுப் பாக்கலை, வளந்துக்கிட்டே இருந்துச்சு.

ஏன் வளந்துச்சுன்னு கேளு. கண்மாய் முள்ளை ஏலம் எடுத்தவன் எந்த எடத்துல வெட்டுவான்? இடுப்பு ஒசரத்துல. ரொம்ப நல்லவனா இருந்தா முழங்கால் ஒசரத்துல. வேரோட பிடுங்குனா அவனுக்கு அடுத்த ஏலம் எங்க? அடிக்கட்டை மண்ணுக்குள்ள இருக்கவரைக்கும் ஒண்ணுக்கு ஏழா துளுக்கும். மூணு நாலு வருசத்துல மறுபடியும் ஏலம், மறுபடியும் கரி, மறுபடியும் வெள்ளாமை. மழையை நம்பாத வெள்ளாமை நம்ம ஜில்லாவுல அது ஒண்ணுதான். அவனை முட்டாள்னு சொல்லாத. இந்த ஊர்லயே ஒரு மரத்தை அக்கறையாப் பாத்து வளக்குறவன் அவன்தான்.

மலைக்கு மேல வேற கதை. அங்க முள்ளுக்கு வேலையில்ல, உண்ணிச்செடி போய்க் குடியேறிருச்சு. ரெண்டு கலர்ல பூ நல்லாத்தான் இருக்கும். 1800-கள் தொடக்கத்துல கல்கத்தாத் தோட்டத்துல அழகுக்குன்னு கொண்டாந்து வச்சது, இப்ப இந்தியாவுல அது ஏறாத மலை கொறைச்சல். அது பொதர் கட்டிட்டா அடியில வெளிச்சம் எறங்காது; வேங்கைக் கொட்டை விழுந்தாலும் கன்னு எந்திரிக்காது. பெரிய மரம் நிக்கும், அதுக்கு வாரிசு நிக்காது. கூடலூர்ப் பக்கம் மலைச்சனங்க அந்தக் குச்சியை வெட்டி வளைச்சு ஆளுயர யானையாக் கட்டுறாக. 2021-ல லண்டன் பார்க்குலயெல்லாம் கொண்டுபோய் நிறுத்துனாக. வெள்ளைக்காரன் குடுத்தனுப்புனதை யானையாக் கட்டி அவன்கிட்டயே காட்டிட்டு வந்துட்டாக. கெட்டிக்காரப் பயக.

நம்ம மலைக்கு 2021-ல புலிகள் காப்பகம்னு பட்டம் குடுத்தாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காப்பகம், நாட்டுலயே 51-ஆவது. அதுக்கு முந்தி 1988-ல இருந்தே நரை அணில் சரணாலயம். செண்பகத்தோப்புல ஆத்தங்கரை ஓரமா நின்னு அண்ணாந்து பாரு. அந்த அணிலுக்கு வால் ஒடம்புக்குச் சமமாத் தொங்கும். அது கீழ எறங்குறதே அபூர்வம். புளியில இருந்து மாவுக்கு, மாவுல இருந்து நாவலுக்கு, கெளை விட்டுக் கெளை தாவியே பொழப்பு. கூடு கட்டுறதே, எந்தப் பக்கம் எதிரி வந்தாலும் இன்னொரு பக்கம் தாவ வசதியா நாலா பக்கமும் மரம் சேருற எடமாப் பாத்துத்தான். நடுவுல ஒரு மரத்தை எடுத்துட்டா அதுக்குப் பாதை அறுந்துபோச்சு. உன் மூணு ஏக்கர் அந்த அடிவாரத்துல கெடக்கு. நீ வழிச்சு எடுக்கப்போற நெலத்துல முள்ளுக்கு நடுவுல பழைய புளி ஒண்ணு தவிச்சுக்கிட்டு நிக்குதே, பாத்தியா? நீ பாத்திருக்க மாட்ட. ஜேசிபிக்காரன் பாத்திருப்பான். அதுக்கும் வெறகுக்கடையில அவன் வெலை கேட்டு வச்சிருப்பான்.

மகாகனிக்கு வாரேன். சீமை உடை அந்நியச் சரக்கு, வெரட்டணும்ங்கிற. மகாகனி யாரு? அதே கரீபியன் தீவு, அதே மத்திய அமெரிக்கா. முள்ளுக்கு முந்துன கப்பல்லயே வந்து எறங்குனது. ஒருத்தனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு அவன் பங்காளிக்கு ஆரத்தி எடுக்குற. உனக்கு இது புதுசுமில்ல. ராஜபாளையத்துல பொறந்தவன், நம்ம ஊர் நாய்க்கு 2005-ல தபால்தலையே போட்டாக, நீ என்னடான்னா ஏசி ரூம்ல லாப்ரடாரை வச்சு அதுக்கு நாக்குத் தொங்க விசிறிக்கிட்டு இருக்க. நம்ம ஊர் நாய் வெள்ளை நெறம், ரோஸ் மூக்கு, வாசல்ல நின்னா வசூல்காரன் தெரு முக்குலயே திரும்புவான். அதுக்கும் வேலை குடுக்காமத்தான் அது அத்துப்போகப் பாத்துச்சு.

யோசனைதான கேட்ட, சொல்றேன். கேக்காட்டியும் போ.

ஒரே நாள்ல மூணு ஏக்கரையும் வழிக்காத. ஜேசிபி வாளி முள்ளோட மேல்மண்ணையும் சேத்து அள்ளிக்கிட்டுப் போயிரும். சரிவு நெலம், ஐப்பசி மழை மிச்சத்தைக் கொண்டுபோய் ஓடையில சேத்துரும். கால் ஏக்கர், அரை ஏக்கரா எடு. மழை பெஞ்சு மண்ணு எளகுன சமயத்துல வேரைக் கெல்லி எடு, கொம்பை மட்டும் வெட்டாத. எடுத்த எடத்துல அடுத்த மழைக்குக் கொட்டையெல்லாம் மொளைக்கும். விரல் கனத்துல இருக்கும்போதே கையால பிடுங்கணும். அடுத்த வருசமும் பிடுங்கணும். அதுக்கடுத்த வருசமும். நெலத்துல ஒளிஞ்சு கெடக்க கொட்டைக்கு உன்னைவிடப் பொறுமை ஜாஸ்தி. ஞாயித்துக்கெழமை சென்னையில இருந்து வீடியோ காலு போட்டுப் பிடுங்க முடியாது.

கட்டையைக் கரிக்காரனுக்குக் குடு. முள்ளுக்கொம்பைக் குடுக்காத, வச்சுக்கோ. நீ வைக்கிற ஒவ்வொரு கன்னுக்கும் அதுதான் வேலி. சுத்தி வளைச்சுப் போட்டா ஆடு கிட்ட வராது. என் ஆடும் வராது. கம்பி வேலிக்கு நீ வச்சிருக்க காசை மிச்சம் பண்ணு.

என்ன கன்னுங்கிற? ஓடை ஓரத்துல மருதும் நாவலும் வை. கல்லும் கரடுமா இருக்க மேட்டுல ஆச்சா, உசிலை. வரப்புல வேம்பு, புங்கு, வாகை. அந்தப் பழைய புளியைத் தொடாத; அதுல இருந்து மலைப்பக்கமாக் கெளை சேர்ற தூரத்துல மாவும் புளியும் வச்சுக்கிட்டே போ, அணில் பாதை தானா ஒட்டிக்கிடும். வாகையும் புங்கும் உன் காலத்துலயே நெழல் குடுத்துரும், அதுல கட்டில் போட்டுப் படுத்துக்கிட்டு ஊர்ல எல்லார்கிட்டயும் நான் காடு வளக்குறேன்னு பீத்திக்கோ. வேங்கையை மட்டும் உனக்காக வைக்காத. அது வைரம் பாயுறதுக்குள்ள உன் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பாக. உன் பேரன் வெட்டி நிலைவாசல் செய்யட்டும், இல்ல எவனாவது சக்கரை வியாதிக்காரன் குவளை கடைஞ்சுக்கிடட்டும். ராத்திரி அந்தக் குவளையில தண்ணி ஊத்தி வச்சா காலையில நீலம் பாரிக்கும். உங்க அத்தை தெனமும் எனக்கு அதைத்தான் குடுக்குறா, சக்கரை எறங்கும்னு.

இலுப்பைக்கு நர்சரி நர்சரியா அலையாத. ஆனி, ஆடியில பழம் விழும், நான் பொறுக்கித் தாரேன். விழுந்த கையோட மண்ணுல போட்டாத்தான் மொளைக்கும். காய வச்சுப் பையில போட்டு மெட்ராசுக்குக் கொண்டுபோனா அது செத்துப்போகும். பொறுக்குற கூலி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கால் கிலோ. வெறகடுப்புல கிண்டுன கடையாப் பாத்து வாங்கு. கட்டம்போட்ட துண்டுக்குள்ள சுத்திக் கொண்டா. அத்தை கேட்டா இலுப்பைக் கொட்டைன்னு சொல்லு.